எண்ணிக்கை சொல்லுகிறதாம்!

“இயந்திரத்துக்கு ஏதய்யா ஆண், பெண் என்ற பேதம்? அதற்குச் சாதி உண்டா, சமயம் உண்டா? எண்ணச் சொன்னார்கள், எண்ணிற்று! எண்ணிப் பார்த்துச் சொல்லுகிறது—அரசியலில் வசைமொழியை அதிகம் வாங்குபவர்கள் பெண்களல்லர், ஆண்களே என்று! இனியாவது இந்த அம்மையார்கள் அழுகையை நிறுத்தட்டும்!”

இப்படிப் பேசுகிறார் நண்பர் ஒருவர். பாமரரல்லர், பட்டம் பெற்றவர். மேடை ஏறினால் பகுத்தறிவு என்ற சொல்லைப் பத்து முறையாவது உச்சரிப்பவர். அவர் கையிலே ஓர் ஆங்கில ஆய்வுக் கட்டுரையின் சுருக்கம். அதிலே ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்பு மையால் கோடு. அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார். போகிற இடமெல்லாம் கைதட்டலும் பெறுகிறார். பெறாமலிருப்பாரா? பெண்ணின் முறையீடு பொய் என்று நிறுவ ஒரு புள்ளிவிவரம் கிடைத்தால், அதைக் கற்கண்டாய்ச் சுவைக்கும் நாக்குகள் நம் நாட்டிலே குறைவா?

நண்பர் கோடிட்ட வரி பொய்யன்று. பிரிட்டன் நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ட்விட்டர் வழியாக வந்த செய்திகளை ஸ்டீபன் வார்டு, லியாம் மெக்லாக்லின் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் திரட்டினர். கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்து, 2020-இல் முடிவை வெளியிட்டனர். வசைமொழி ஆண் உறுப்பினர்களுக்கே கூடுதலாக வந்திருந்தது—மெய். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்லிற்று: வெறுப்புமொழி, அதாவது ஒருவரை அவர் செய்த செயலுக்காக அல்லாமல் அவர் பிறந்த பிறப்புக்காக இழித்துரைக்கும் மொழி, பெண் உறுப்பினர்களுக்கே கூடுதலாக வந்தது! நண்பரின் சிவப்பு மை அந்த வரிக்கு வருமுன் தீர்ந்துவிட்டது போலும்.

இரண்டுக்கும் வேறுபாடு இல்லையென்று எவரேனும் சொல்ல முடியுமா? வரியை உயர்த்திய அமைச்சரைப் பார்த்து, “மூடனே, மக்கள் பணத்தைச் சுரண்டுகிறாயே!” என்று ஒருவன் கூவுகிறான். கடுமையான பேச்சு; பண்பற்றதுகூட. ஆனால் வரியைக் குறைத்துவிட்டால் அந்த வாய் அடங்கும். பெண் உறுப்பினரைப் பார்த்து, “உனக்கு இங்கே என்ன வேலை? அடுப்படி காலியாகக் கிடக்கிறதே!” என்கிறான் மற்றொருவன். இதற்கு அவர் எதைக் குறைப்பது, எதை மாற்றுவது? ஆணிடம் அவன் செய்த செயலுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். பெண்ணிடமோ அவள் அந்த நாற்காலியில் அமர்ந்ததற்கே கணக்குக் கேட்கிறார்கள். இவ்விரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, ஒரே தராசில் நிறுத்து, “இதோ, ஆண் மூட்டையே கனம்” என்பது கணக்காகாது.

இந்த எண்ணிக்கை எப்படி நடைபெறுகிறது என்பதை நண்பர் அறிந்திருந்தால் இவ்வளவு துள்ளியிருக்கமாட்டார்.

கணிப்பொறியைக்கொண்டு வசைமொழியைக் கண்டறிய அறிஞர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளைக் கையாளுகின்றனர். ஒன்று, பட்டியல் வழி. இழிசொற்களை வரிசையாக எழுதிப் பொறியிடம் கொடுப்பது. இலட்சக்கணக்கான செய்திகளிலே அந்தச் சொற்கள் எங்கெங்கே தென்படுகின்றன என்று அது தேடி எண்ணுவது. மற்றொன்று, பயிற்சி வழி. சில ஆயிரம் செய்திகளை மனிதர்கள் படித்து, “இது வசை, இது வசையன்று” என்று குறியிடுவது. அந்தக் குறிகளைப் பார்த்துப் பொறி பாடம் கற்றுக்கொண்டு, மீதியுள்ள இலட்சங்களுக்குத் தானே குறியிடுவது. முதல் வழியிலே பட்டியல் எழுதியவன் மனிதன். இரண்டாம் வழியிலே குறியிட்டவன் மனிதன். எண்ணியது மட்டுமே இயந்திரம்! எதை எண்ணவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவனுக்குப் பாலும் உண்டு, சாதியும் உண்டு, சமயமும் உண்டு, பிறந்த வீட்டில் கேட்டு வளர்ந்த பழமொழிகளும் உண்டு. “அடுப்படிக்குப் போ” என்ற சொற்றொடரிலே எந்தச் சொல் இழிசொல்? அடுப்பா, படியா, போவதா? பட்டியலைப் பிடித்துக்கொண்டு போகும் பொறி அதைத் தாண்டிச் சென்றுவிடும். “பிள்ளைகளை யாரிடம் விட்டு வந்தீர்கள்?” என்ற கேள்வியோ அதற்கு அன்பான விசாரிப்பாகவே தோன்றும்.

ஆங்கிலத்துக்கே இந்த நிலை. அந்தப் பொறியைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

“அமைச்சர் பேசினார்.” “அமைச்சர் பேசினாள்.” இரண்டுக்கும் இடையே எத்தனை எழுத்து வேறுபாடு? ஒரே ஓர் ஒற்று! ‘ர்’ போய் ‘ள்’ வந்திருக்கிறது. அந்த ஒரு புள்ளி எழுத்திலே எவ்வளவு ஏளனம், எவ்வளவு எகத்தாளம், எத்தனை நூற்றாண்டின் ஆணவம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தமிழ் கேட்டு வளர்ந்த எந்தக் காதும் அறியும். கணிப்பொறி அறியுமா? பன்மொழிச் செய்திகளை ஆராய்வோர் பலர் முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகே எண்ணத் தொடங்குகின்றனர். ஆங்கிலத்தில் பெண்பாலுக்கு ஒரே சொல்தான். மரியாதைக்கென்று ஒன்று, மட்டந்தட்டுவதற்கென்று ஒன்று அங்கே இல்லை. ஆகவே ‘பேசினாள்’ என்பது மொழிபெயர்ப்புப் பொறிக்குள் நுழைந்து வெளியே வரும்போது, குளித்து முழுகி வெள்ளை உடுத்திக்கொண்டு வருகிறது. வசை கழுவப்பட்டது, கணக்கில் சுழியம்!

“அப்படியானால் ‘ள்’ என்று முடிவதையெல்லாம் பட்டியலில் சேர்த்துவிடலாமே” என்பார் நண்பர். சேர்க்கலாம். சேர்த்தால், தன் மகள் தேர்வில் முதலாவதாக வந்தாள் என்று மகிழ்ந்து எழுதிய தாயும் குற்றவாளிக் கூண்டில் நிற்பாள். ‘வாடி’ என்று தோழி தோழியை அழைப்பதும், முன்பின் அறியாத ஒருவன் சட்டமன்ற உறுப்பினரை அவ்வாறு அழைப்பதும் எழுத்திலே ஒன்று. பொருளிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ‘அக்கா’ என்பது உறவு. அதையே இழுத்து எழுதினால் நக்கல். போதாக்குறைக்கு நம் இளைஞர்கள் தமிழை ஆங்கில எழுத்திலே எழுதுகிறார்கள்—ஒரே சொல்லைப் பத்துப் பேர் பத்து விதமாக. எந்தப் பட்டியல் இதற்கு ஈடுகொடுக்கும்?

இதை உணர்ந்து உழைக்கின்ற தமிழ் ஆய்வாளர்களும் இருக்கின்றனர்; சொல்லாமல் விடுவது நன்றியன்று. யூடியூபில் வந்த தமிழ்க் கருத்துரைகளைத் திரட்டிக் குறியிட்டு, தமிழ் வசையைக் கண்டறியும் பொறிகளுக்கு 2022-இல் ஒரு போட்டியே நடத்தினர். பெண்வெறுப்பு, திருநர் வெறுப்பு என்று தனித்தனிப் பிரிவுகளும் வைத்தனர். அரும்பணி. நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் பலவற்றுக்கு இப்படியொன்று நடந்தது தெரியுமோ தெரியாதோ. ஒரு வினைமுற்றின் விகுதி எப்போது மரியாதை, எப்போது அவமதிப்பு என்று விளக்க வேண்டிய இலக்கணப் புலவர் ஒருபக்கம், விகுதியைப் பொறிக்குப் புரியவைக்கத் தவிக்கும் கணிப்பொறி இளைஞர் ஒருபக்கம். இருவரும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை!

‘இயந்திரத்துக்குப் பால் ஏது’ என்ற கேள்விக்குத் திரும்புவோம். கற்பிக்கப்பட்ட இயந்திரத்துக்கு உண்டு என்பதை மேலை நாட்டார் மெய்ப்பித்தே காட்டிவிட்டனர்.

2016-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், கூகுள் திரட்டிய செய்தி ஏடுகளைப் படித்துச் சொற்களின் உறவைக் கற்றுக்கொண்ட ஒரு பொறியைச் சோதித்தனர். ஆண் கணிப்பொறி வல்லுநர் என்றால் பெண் யார் என்று கேட்டால், ‘இல்லத்தரசி’ என்ற விடையை அது தந்தது. பழைய ஏட்டிலே இருப்பதைத்தான் புதிய பொறி ஓதிற்று. நேற்றுவரை ஓலைச்சுவடியைக் காட்டி, “சாத்திரம் சொல்லுகிறது, கேள்வி கேட்காதே” என்றார்கள். இன்றைக்குக் கணிப்பொறித் திரையைக் காட்டி, “எண்ணிக்கை சொல்லுகிறது, கேள்வி கேட்காதே” என்கிறார்கள். இரண்டு இடத்திலும் சொல்லுகிறவன் மறைந்து நிற்கிறான் என்பதே நான் காட்ட விரும்புவது.

அரசியல்வாதிகளையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் படங்களைக் கூகுள் நிறுவனத்தின் படமறியும் பொறியிடம் காட்டி, “இதில் என்ன காண்கிறாய்?” என்று கேட்டது, கார்ஸ்டன் ஷ்வெம்மர் என்பாரும் அவருடைய தோழர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு. ஆண் உறுப்பினரைப் பார்த்துப் பொறி ‘அலுவலர்’ என்றது, ‘வணிகப் பெருமகன்’ என்றது. பெண் உறுப்பினரைப் பார்த்துக் கூந்தலைச் சொன்னது, புன்னகையைச் சொன்னது! தோற்றத்தைப் பற்றிய குறிப்புகள் ஆண்களுக்குக் கிடைத்ததைப்போல மூன்று மடங்கு பெண்களுக்குக் கிடைத்தன. சட்டம் இயற்றும் அவையில் இருப்பவர் கூந்தலாகத் தெரிகிறார், இயந்திரத்தின் கண்ணுக்கு! நம் ஊரில் பெண் வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது, அவர் கொள்கையை விட்டுவிட்டுச் சேலையின் நிறத்தைப் பேசும் திண்ணைக்கும் இந்தப் பொறிக்கும் என்ன வேறுபாடு? திண்ணைக்கு மின்சாரம் தேவையில்லை, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டாண்டு முன்பு, 2018-இல், ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற கறுப்பினப் பெண் அறிஞர் இருவர் வேறொரு சோதனை செய்தனர். ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, பின்லாந்து, ஐஸ்லாந்து, சுவீடன் ஆகிய ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர் 1,270 பேரின் படங்களைத் தொகுத்து, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிகப் பொறிகளிடம் காட்டினர். வெள்ளை நிற ஆண்களிடத்தில் எந்தப் பொறியும் 100-க்கு 0.8-க்கு மேல் தவறவில்லை. கறுத்த நிறப் பெண்களிடத்திலோ 100-க்கு 34.7 வரை தவறிற்று! மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! நிறமும் பாலும் ஒன்றாகச் சேருமிடத்தில் குருடாகிப்போன கண்ணைத்தான், பேதமறியாத கண் என்கிறார் நம் நண்பர். (முகத்தைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ பாலை ஊகிக்கும் இத்தகைய பொறிகளிடம் பெட்டி இரண்டே. திருநங்கையர்க்கென 2008-இலேயே தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தது. பொறிக்கு இன்னும் மூன்றாவது பெட்டி கிடைக்கவில்லை.)

இவ்வளவும் சொல்வதால், எண்ணுவதே வீண் என்று நான் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். நண்பரைப்போல் எண்ணிக்கையை வணங்குவது ஒரு மடமை என்றால், எண்ணிக்கையே வேண்டாம் என்று கைகழுவுவது மற்றொரு மடமை. எண்ணாமலிருந்தால் ஆதாயம் யாருக்கு? வசைபாடுகிறவனுக்கு! “எங்கேயோ ஒருவன் எப்போதோ சொன்னான், இதைப் பெரிதுபடுத்துகிறார்களே” என்று அவன் தப்பித்துக்கொள்வான். முறையாக எண்ணியவர்கள் அந்த வாயை அடைத்திருக்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டு இந்தியப் பொதுத்தேர்தல். மார்ச்சு முதல் மே வரை மூன்று திங்கள். இந்தியப் பெண் அரசியல்வாதிகள் 95 பேரின் பெயர் சுட்டி ட்விட்டரில் வந்த செய்திகளில் 1,14,716-ஐ அம்னெஸ்டி அமைப்பு ஆராய்ந்தது. 1,900-க்கும் மேற்பட்ட தொண்டர்கள் படித்துக் குறியிட்டனர். 100-க்கு 13.8 வசையாகவோ ஊறு விளைவிப்பதாகவோ இருந்தது என்று 2020 சனவரியில் அறிவித்தனர். “பார்த்தீர்களா, 86 நல்லதுதானே!” என்று இதற்கும் ஒரு குரல் எழுந்தது. அந்த விகிதத்தை நாள் கணக்கில் பிரித்துப் பாருங்கள்: பெண் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 113! காலையில் கண் விழித்தது முதல் இரவு கண் மூடும்வரை, விழித்திருக்கும் ஒவ்வொரு மணியிலும் ஏழு. உம் வீட்டு வாயிலில் நாளொன்றுக்கு 113 பேர் வந்து நின்று ஏசிவிட்டுப் போனால், “மற்ற எழுநூறு பேர் ஏசவில்லையே” என்று ஆறுதல் கொள்வீரா, நண்பரே?

அந்தச் சராசரிக்குள்ளும் நுழைந்து பார்க்கவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதிகளிலே பிறந்த பெண்களுக்கு மற்றவரைவிட 59 விழுக்காடு கூடுதலாகச் சாதி வசை. முஸ்லிம் பெண்களுக்கு மற்றச் சமயத்துப் பெண்களைவிட 94.1 விழுக்காடு கூடுதலாக இன, சமய இழிமொழி. சாதி கிராமத்தில்தான் இருக்கிறது, படிப்பு வந்தால் போய்விடும் என்று ஒருகாலத்தில் சொன்னவர்கள் உண்டு. படிக்கத் தெரிந்தவன்தானே ட்விட்டரில் எழுத முடியும்?

சராசரி எப்படி மறைக்கும் என்பதற்குப் பிரிட்டனிலிருந்தே மற்றொரு சான்று. 1987-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் டயான் அபாட். 2017 சூன் 8-இல் நடந்த தேர்தலுக்கு முந்திய ஆறு வாரங்களில், ட்விட்டரில் இயங்கிய 177 பெண் உறுப்பினர்களுக்கு வந்த வசைச் செய்திகளை அம்னெஸ்டியினர் கணிப்பொறியால் பிரித்தெடுத்தபோது, அவற்றில் 45.14 விழுக்காடு இந்த ஒருவருக்கே வந்திருந்தது! 177 பேரில் ஒருவர். வசையில் ஏறத்தாழப் பாதி. பந்தியில் 177 இலை போட்டு, கல்லையெல்லாம் பொறுக்கி ஓர் இலையில் கொட்டிவிட்டு, “இலைக்கு இத்தனை கல்தான்” என்று வகுத்துச் சொல்வதற்குப் பெயர் சராசரி. நண்பரின் சிவப்புக் கோட்டு வரியும் இத்தகைய ஒரு சராசரிதான்.

இன்னொன்று. கனடா நாட்டு அரசியல்வாதிகளுக்கும் அமெரிக்க செனட் உறுப்பினர்களுக்கும் வந்த 22 இலட்சம் செய்திகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான கட்டுரை கண்டது என்ன? பெண் ஒருவர் ஊரறியும் உயரத்தை எட்டும்போது பண்பற்ற பேச்சு அவரைச் சூழ்ந்துகொள்கிறது. அதே உயரத்திலுள்ள ஆணைவிட அவருக்கு அது கூடுதலாக வருகிறது. பின் வரிசையில் அமைதியாக அமர்ந்திருந்தால் தொல்லை இல்லை. எழுந்து நின்றால், தலைமைக்கு வந்தால் அடி! எண்பது பின்வரிசைப் பெண்களையும் நான்கு தலைவியரையும் சேர்த்து வகுத்தால், ‘பெண்களுக்கு வசை குறைவு’ என்றுதான் வரும். குறைவாக வந்ததற்குக் காரணம், அந்த எண்பது பேரை மேலே வரவே விடாதது.

எந்தப் பொறியாலும் எண்ண முடியாத ஒரு கணக்கும் இருக்கிறது. 2019-இல் பிரிட்டன் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது நிக்கி மார்கன், ஹெய்டி ஆலன் முதலிய பெண் உறுப்பினர்கள் மீண்டும் போட்டியிடுவதில்லை என்று விலகினர்; தாங்கள் பட்ட வசையையும் மிரட்டலையும் காரணங்களுள் ஒன்றாக எழுதியே விலகினர். அவர்கள் போன மறுநாள் முதல் அவர்களுக்கு வசை வராது. அடுத்த ஆண்டு பொறி எண்ணிப் பார்க்கும், அவர்களுடைய கணக்கு வெறுமையாயிருக்கும், எண்ணிக்கை குறைந்திருக்கும். “நிலைமை திருந்திவிட்டது!” என்று அறிக்கை வரும். ஓடிப்போனவர்களின் வீட்டில் சண்டை இல்லை என்பதைப்போல! இதைக் கண்டு, ‘நமக்கேன் இந்த வம்பு’ என்று வேட்புமனுவே போடாமல் வீட்டோடு நின்றுவிட்ட பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு வந்த செய்தி ஒன்றுமில்லை; எனவே பொறியின் உலகில் அவர்கள் பிறக்கவே இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 543 இடங்களில் வென்ற பெண்கள் 74 பேர். 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு 234 இடங்களில் 12 பேர். வராத பெண்களின் கணக்கு இந்த எண்களின் ஓரத்தில்தான் தெரிகிறது. ட்விட்டர்த் திரட்டில் தெரியாது. திரட்டை மட்டும் பார்த்து, அவை மன்றத்தைப் பார்க்காத ஆய்வு அரை ஆய்வு.

சரி, இன்னும் நன்றாக எண்ணலாம், விகுதியைப் பார்க்கலாம், விலகினவர்களைத் தேடிக் கேட்கலாம் என்று முனைகிறவர்களுக்காவது வழி திறந்திருக்கிறதா? அங்கேதான் பெரிய அக்கிரமம் நடந்திருக்கிறது. ட்விட்டர் 2021 சனவரியில் கல்வியாளர்களுக்கென்று தன் பழைய செய்திகள் முழுவதையும் இலவசமாகத் திறந்துவிட்டது. 2022 அக்டோபரில் நிறுவனம் கைமாறிற்று. 2023-இல் இலவச வழி அடைக்கப்பட்டது. எக்ஸ் என்று பெயரும் மாறிற்று. பேஸ்புக்கில் என்ன பரவுகிறது என்பதை ஆய்வாளரும் செய்தியாளரும் பார்க்க உதவிய கிரவுடேங்கிள் என்ற கருவியை, மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டு 14-இல் மூடிற்று—தேர்தல்கள் மலிந்த ஓர் ஆண்டின் நடுவிலே! பேசுகிறவர்கள் மக்கள்; ஏசப்படுகிறவர்கள் மக்களின் பேராளர்கள்; பேச்சு நடப்பதோ பொது வாழ்வைப் பற்றி. ஆனால் அதைப் பார்க்கும் உரிமை மட்டும் தனியாரின் கருவறைக்குள்! வெளியே நில், எட்ட நில், நாங்கள் தருகிற திருநீற்றை வாங்கிக்கொள்! கருவறைக் கதவை எதிர்த்துப் பேசிப் பழகிய நாட்டிலே, இந்தக் கதவைப் பற்றி ஒரு தீர்மானமாவது எந்த மாநாட்டிலாவது வந்ததா?

ஐரோப்பிய ஒன்றியத்தார் 2022-இல் இயற்றிய டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40-ஆம் பிரிவிலே, தகுதி சரிபார்க்கப்பட்ட ஆய்வாளர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் தரவுகளைத் தந்தே தீரவேண்டும் என்று எழுதிவைத்தனர். அந்தப் பிரிவைப்போல் ஒன்றை இங்கே கேட்பது ஆகாயத்தைக் கேட்பதாகுமா? கேட்கவேண்டியவர்கள் நம் அவைகளில் இருக்கும் பெண் உறுப்பினர்கள் மட்டுமல்லர். தம் கட்சியின் மகளிர் அணியை ஊர்வலத்தின் முன்வரிசையில் நிறுத்தி, இரவிலே தம் கட்சித் தோழன் எதிர்க்கட்சிப் பெண்ணை ‘ள்’ போட்டு எழுதுவதைக் கண்டும் காணாமலிருக்கும் தலைவர்கள் முதலில் கேட்கட்டும். எந்தக் கட்சி என்று பெயர் சொல்லத் தேவையில்லை. சொல்லத் தொடங்கினால் விலக்கு எந்தக் கட்சிக்கும் கிடைக்காது.

சென்ற கிழமை நண்பரை மறுபடி கண்டேன். இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எப்படியிருந்தாலும் அவள் அப்படிப் பேசியிருக்கக்கூடாது” என்றார், மாற்றுக் கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவரைக் குறித்து. “யார் பேசியிருக்கக்கூடாது?” என்று கேட்டேன். “அவள்தான்” என்றார். மூன்றாம் முறையும் கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை.